மூன்றாவது கை

மூன்று நாளாகப் பேச்சில்லை எங்களுக்குள்.
படகு இன்ஜினை என்னைக் கேட்காமல்
விற்றுவிட்டான் உர்மாஸ்.
சாரெமா தீவில் படகு இருந்தும் இன்ஜின் இல்லாத வீடு
எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஜூன் மாதம். இரவு பதினொன்றுக்கும் வெளிச்சம்.
ஜூனிப்பர் புதர்களுக்குள்
யார் பின்னாலோ சுற்றிவிட்டு வந்த போண்டு
என் முழங்காலில் தலையைத் தேய்த்தது.
காதுமடலுக்குக் கீழே விரலில் தட்டுப்பட்டது ஒன்று:
சாம்பல் நிறம், உளுந்தளவு.

இதையும் சொல்லிவிடுகிறேன்.
போன வருடம் இதே நாயின் வயிற்றில்
ஒன்றைப் பிடித்து இழுத்து இழுத்துப் பார்த்தேன்.
வரவில்லை.
நாய் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!
அது காம்பு.
ஆண் நாய்க்கும் காம்பு உண்டென்று
அன்றைக்குத்தான் தெரிந்தது எனக்கு.
அதனால் இம்முறை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டேன்.
கால்கள் தெரிந்தன. எட்டா என்று எண்ணவில்லை,
அசைந்தன, அது போதும்.

கையுறை இருந்தது.
மீன்முள் எடுக்கும் இடுக்கி தடிமன், ஆகாது.
என் புருவ இடுக்கிதான் ஊசிமுனை.
மயிரை விலக்க ஒரு கை, இடுக்கிக்கு ஒரு கை.
வெளிச்சத்துக்கு?
போண்டு தலையை ஆட்டாமல் பிடிக்க?

கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.
"டார்ச்" என்றேன்.
மூன்று நாளில் அதுதான் முதல் சொல்.

டார்ச்சோடு தீப்பெட்டியும் வந்தது.
அவன் அப்பா அப்படித்தான் செய்வாராம்,
சூடு வைத்தால் உண்ணி தானே விழுமாம்.
"வேண்டாம்."
"எண்ணெய்?"
"அதுவும் வேண்டாம். வதைத்தால் அது கக்கும்.
கக்குவது போண்டுவின் ரத்தத்துக்குள்."
தீப்பெட்டி சட்டைப்பைக்குத் திரும்பியது.
மண்டியிட்டான்.
ஒரு கை நாயின் தாடைக்கடியில், மறு கையில் வெளிச்சம்.

வயிற்றைப் பிடிக்கக் கூடாது, பிதுங்கும்.
வாய் புதைந்த இடத்தில், தோலை ஒட்டி
முனையை வைத்து
திருகாமல், வெடுக்கென்று இழுக்காமல்
நேராக மேலே.
மெல்ல.
இன்னும் மெல்ல.
தோல் சின்னக் கூடாரம்போல் எழுந்தது.
விடாக்கண்டன் அது. நான் மட்டும் என்னவாம்?
உர்மாஸின் மூச்சு என் கழுத்தில் பட்டது,
பிறகு படவில்லை, அடக்கிக்கொண்டான்.
ஒரு கொசு என் நெற்றியில் உட்கார்ந்து
குடித்து முடித்து
கனத்துப் பறந்துபோகும் நேரம்.

விட்டது.

வாயோடு முழுசாக வந்திருந்தது.
குப்பியின் ஸ்பிரிட்டுக்குள்ளும் காலை ஆட்டியது.
"தேதி எழுது."
எழுதினான்: ஜூன் 19, வலது காது.
கீழே போண்டுவின் பெயர், பக்கத்தில் எங்கள் குடும்பப் பெயர்,
ஆஸ்பத்திரிச் சீட்டுபோல.
கடித்த இடத்தை மருந்தால் துடைத்தேன்,
கையை சோப்புப் போட்டு இருமுறை கழுவினேன்.
இனிச் சில வாரம் ஒரு கண் அதன்மேல் வேண்டும்:
காய்ச்சல், நொண்டல், கிண்ணத்தில் மிஞ்சும் தீனி.
சிறுநீர் கறுத்தால்
அன்றைக்கே குரெஸ்ஸாரே நகரத்து மருத்துவரிடம்.

போண்டு எழுந்து போய்
அடுப்பருகே சுருண்டுகொண்டது,
வழக்கு தன்னுடையது இல்லை என்பதுபோல்.

உர்மாஸ் டார்ச்சை அணைக்கவில்லை.
என் கையில் கொடுத்துவிட்டுச்
சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.
"நானும் அந்தப் புதருக்குள்தான் போனேன்"
என்றான், சுவரிடம் சொல்வதுபோல்.
"இன்ஜினை வாங்கியவன் வீடு அந்தப் பக்கம்.
திருப்பித் தருவானா என்று கேட்க."

"தருவானாமா?"

"யோசிக்கிறானாம்."

மச்சம். மச்சம்.
வலைக்கயிறு அறுத்த பழைய தழும்பு.
வெயிலில் உரிந்த தோள்.
பல மாதமாக நான் பார்க்காத முதுகு,
அங்குலம் அங்குலமாக.
இடுப்புப் பட்டைக்கு மேலே ஒன்று, எள்ளளவு.
மச்சமென்றே தாண்டியிருப்பேன்.
கால்கள்.

"அசையாதே" என்றேன்.
"நேரமாகும்."