சம்பவம் என்ற கட்டம்

பிறையில் அன்றிரவு பிறை இல்லை.
தொழிற்சாலைப் புகைக்குப் பின்னால்
எங்கோ இருந்திருக்கலாம். நாங்கள் தேடவில்லை.
நாங்கள் தேடியது
சாக்கடையின் இரும்பு மூடிகளைத் தூக்கிப்போனவனை,
புவனேந்திரனின் மோட்டாரைப்
பூட்டோடு தள்ளிக்கொண்டு போனவனை,
என் வீட்டுப் பின்கட்டிலிருந்து
பாதி தீர்ந்த கேஸ் தோம்பை எடுத்தவனை.

வீட்டுக்காரருக்குக் காலில் ஆறாத புண்.
அவர் முறை வந்த புதன்கிழமை
ருக்குன் தெத்தாங்காவின் பச்சை மேலங்கியை
நான் போட்டுக்கொண்டேன்.
முழங்கால் வரை தொங்கியது.
"பொம்பளை எதுக்கு?" என்று யாரோ கேட்டார்.
ஊய் அம்மா ஹொக்கியன் கலந்த மலாயில் பதில் சொன்னார்.
எனக்குப் பாதி புரிந்தது, கேட்டவருக்கு முழுசாய்.

ஆளுக்கொரு டார்ச். இரண்டு பேருக்கு ஒரு ரோத்தான்.
விசில் ஒன்றுதான், அது என் கழுத்துக்கு வந்தது.
தலைவர் ஹலீம் நீளப் புத்தகத்தைத் திறந்து காட்டினார்:
மணி. தெரு. சம்பவம். கையொப்பம்.
"ஒன்றுமில்லையென்றால் ஒன்றுமில்லை என்று எழுது.
காலியாக விடாதே. போலீஸ் பார்க்கும்."

பன்னிரண்டு நாற்பது, முதல் தெரு: ஒன்றுமில்லை.
ஒன்று பத்து, இரண்டாம் தெரு: ஒன்றுமில்லை.

எழுதாதது:
பள்ளி வேன் ஓட்டும் தமிழ்வாணன்
விளக்கில்லாத வேனுக்குள் தனியாக உட்கார்ந்து
பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.
ஆறாம் எண்ணில் ஒரு குழந்தை இருமி இருமித்
தானாகவே அடங்கியது.
தூங்குகிறவர்களை உற்றுப் பார்ப்பது போல்
கூச்சமாக இருந்தது எனக்கு.

இரண்டு இருபது, மூன்றாம் தெரு.
இருபத்தேழாம் எண்.
டிவி சத்தத்துக்குள் இன்னொரு சத்தம்.
துவைகல் இல்லாத வீட்டில்
துணி துவைக்கிற சத்தம்.
பிறகு, வாயைப் பொத்தினால்
மூக்கு வழியாக வருமே, அது.

நாலு பேரும் நின்றோம்.
நாலு டார்ச்சும் தரையைப் பார்த்தன.
"குடும்ப விசயம்" என்றார் புவனேந்திரன்.
ஹலீம் அதையே மலாயில் சொன்னார்.

பேனாவைத் திறந்தேன்.
சம்பவம் என்ற கட்டம் தீப்பெட்டி அகலம்தான்.
இத்தனை பூட்டும் கிரில்லும் ரோத்தானும்
வெளியிலிருந்து வருகிறவனுக்காக.
சாவி வைத்திருப்பவனை
என்னவென்று எழுதுவது?

மறுபடியும் துவைப்பு.

விசில் திருடனுக்கு என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.
ஊதினேன்.
மூச்சு தீரும்வரை ஊதி,
மூச்சு வாங்கிக்கொண்டு இன்னும் ஊதினேன்.
நாய்கள் எழுந்தன. ஜன்னல்கள் எழுந்தன.
கைலியை இறுக்கிக்கொண்டு,
விளக்குமாறு, பூப்பந்து மட்டை, அம்மிக்குழவி,
கையில் கிடைத்ததோடு ஓடி வந்தார்கள்.
"எங்கே? எந்தப் பக்கம் ஓடினான்?"
யாரும் ஓடவில்லை.
கையை நீட்டினேன்.
தெருவே திரும்பி ஒரு கதவைப் பார்த்தது.

கதவைத் திறந்தவன் பனியனில் இருந்தான்.
சிரிக்கப் பார்த்தான்.
"டிவி" என்றான்.
யாரும் பதில் சொல்லவில்லை. போகவும் இல்லை.
தமிழ்வாணன் மட்டும் வேனை மெல்ல உருட்டி வந்து
முன்விளக்கு அந்த வாசலில் விழும்படி நிறுத்தினார்.

அவன் தோளுக்குப் பின்னால், கம்பிக்குள், அவள்.
இரண்டு வருடமாக ஒரே தெரு.
பேர் தெரியாது எனக்கு.
"அக்கா, பட்டர்வொர்த் ஸ்டேஷனுக்கு
முதல் பஸ் எத்தனை மணிக்கு?"

ஊய் அம்மாவுக்குத் தமிழ் தெரியாது.
கார்ச் சாவி எடுக்க வீட்டுக்கு நடந்தார்.

ஹலீம் ரோத்தானைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
புத்தகத்தின் மேல் டார்ச் அடித்தார்.
"எழுது."
எழுதினேன். கட்டம் போதவில்லை.
கையொப்பத்துக்கு விட்ட இடத்திலும் எழுதினேன்,
அடுத்த இரவுக்கான வரியிலும்.

மூன்றாவது திருகலில்
ஊய் அம்மாவின் பழைய கஞ்சில் பிடித்துக்கொண்டது.