ஒலித் திருத்தம்

ஹாலேயில் ஒன்பது பேர்.
ஸ்விக்காவில் ஐந்து; அதிலும் ஒருவர்
புரொஜக்டர் ஓட்டுபவரின் மைத்துனர்.
எர்ஃபுர்ட்டில் மழை, அதனால் பதினாறு.
படம் விநியோகிப்பவளின் கவிதை இப்படித்தான் தொடங்கும்,
தலைகளை எண்ணி.

இப்போதெல்லாம் சுருள் இல்லை.
செங்கல் அளவில் ஒரு தட்டு, என் காரின் முன்சீட்டில்,
பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும்.
திறவுகோல் தனியே மின்னஞ்சலில் வரும்.
ஞாயிறு நள்ளிரவோடு அது காலாவதி.

படம் எண்பத்தெட்டு நிமிடம்.
ஐம்பத்திரண்டு போதும் என்றார்கள் தொலைக்காட்சிக்காரர்கள்,
அதுவும் நள்ளிரவுக்குக் கால்மணி முன்பு,
ஊரே குறட்டை விடும் நேரத்தில்.
இயக்குநர் அல்முத் மாட்டேன் என்றாள்.
மானியப் படிவத்தில் 'இலக்குப் பார்வையாளர்' என்ற கட்டத்தில்
அவள் எழுதியது: அந்தத் தெருவில் நின்றவர்கள்.
வயது வரம்பு குறிப்பிடவும் என்று திரும்பி வந்தது.

அந்தத் தெரு நான்கு நிமிடம் பதினொரு நொடி.
நாற்பத்திரண்டாம் வருடம்
ஒரு மருந்துக்கடைக்காரர் எட்டு மில்லிமீட்டரில் எடுத்தது.
நொடிக்கு நாற்பது யூரோ கேட்டது ஆவணக்காப்பகம்,
பத்தாயிரத்து நாற்பது, வரி தனி.
நல்ல வெயில். நடைபாதையெங்கும் வீட்டுச் சாமான்:
மெத்தை, நாற்காலி, பறவை இல்லாத கூண்டு.
ஏலம் விடுபவர் மேசைமேல் ஏறி நிற்கிறார்.
வீட்டுக்காரர்களை மூன்று வாரம் முன்பே
ரயிலேற்றியாயிற்று.
கூட்டம் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறது,
தலைமுடியைச் சரிசெய்துகொள்கிறது.
ஒருத்தி ஓர் அலமாரியின் இழுப்பறையைத் திறக்கிறாள்,
மூடுகிறாள், மறுபடி திறக்கிறாள்,
சந்தையில் காயை நகத்தால் கீறிப் பார்ப்பவள்போல.

படத்துக்கு வாய் கிடையாது.
சத்தமெல்லாம் வென்செல் போட்டது:
காலடிக்கு ஒரு தட்டுச் சரளைக்கல்,
கூட்டத்துக்குப் பள்ளி உணவறையின் இரைச்சல்,
இழுப்பறைக்குப் பழைய சாமான் கடையில்
ஆறு யூரோவுக்கு வாங்கிய ஒரு பெட்டி.

மூன்று ஊரிலும் ஒரே மனிதர்.
கடைசிக்கு முந்தைய வரிசை, ஓரம்.
மழைக்கோட்டை மடியில் மடித்து வைத்திருப்பார்.
அந்தத் தெரு முடிந்ததும் எழுந்து போய்விடுவார்.
விமர்சகர் என்று நினைத்தேன்.
கோட்புஸில் வாசலிலேயே மறித்தேன்.
பெயர் லூடெகிங்.
லிஃப்ட் பழுதுபார்த்து ஓய்வுபெற்றவர்.

"அந்த இழுப்பறை அப்படிச் சத்தம் போடாது" என்றார்.

அது ஊமைப்படம், இது பிறகு சேர்த்தது,
பட்ஜெட், என்று ஏதேதோ சொன்னேன்.
கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே கேட்டார்.
"இடது பக்கம் சிக்கும்.
கொஞ்சம் தூக்கிவிட்டு இழுக்கணும்.
அப்போது ஒன்று வரும். அது இதில் இல்லை."
பிறகு, "அவள் என் அம்மா" என்றார்,
லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது என்று சொல்வதுபோல.

வென்செல் மைக்கோடு போனான், நானும்.
மூன்றாம் மாடி. கூடத்தில் அலமாரி,
அதன்மேல் தொலைக்காட்சி.
இழுப்பறைக்குள் பாட்டரி, ரப்பர் பேண்ட், மருந்துச் சீட்டுகள்.
அடியில் விரித்திருந்த தாள் மட்டும் நீலப்பூப் போட்டது,
ஓரம் கத்தரியால் நேராக வெட்டியது.
"எங்கள் வீட்டுத் தாள் இல்லை" என்றார் லூடெகிங்.

ரீங்காரம் கேட்குமென்று
ஃபிரிட்ஜின் வயரைப் பிடுங்கினான் வென்செல்.
அவர் தூக்கினார். இழுத்தார்.
வந்தது.

"இன்னொரு முறை, கைவசம் இருக்கட்டும்" என்றான் வென்செல்,
எல்லாரிடமும் கேட்பதுதான்.
அவர் கை பிடியிலேயே இருந்தது.
நாங்கள் காத்திருந்தோம்.
சமையலறையில் பனிக்கட்டி
உருகிச் சொட்டத் தொடங்கும்வரை.

ப்ளாவனில் ஆறு பேர்.
ஓரத்து இருக்கை காலி.
இழுப்பறை இடது பக்கம் சிக்கியபோது
முன்வரிசையில் யாரோ இருமினார்கள்,
இருமல் மாதிரி ஏதோ.