பிடித்தம்

மண்டபம் நண்டுக் கம்பெனியில்
கிலோவுக்கு நாற்பது ரூபாய்,
ஓடு நீக்கிய சதைக்கு மட்டும்.
ஐஸ் தண்ணி வடிந்தபின்தான் தராசு.
வடிய அரைமணி. அதற்குக் கூலி கிடையாது.

நீல விளக்கடியில்
சூப்பர்வைசர் கொட்டிப் பார்க்கிறான்:
"யாரு டப்பா இது? ஜெனோவாவா?
ஓடு கெடக்கு. அம்பது பிடி."
அரிசி நொய்யில் பாதிகூட இல்லை அது.

கையுறை கேட்டால்
போட்டா கை ஓடாதுங்கிறான்.
சரிதான், ஓடாது.

பாம்பன் பாலத்தில் வேன் ஏறுகையில்
பெருவிரல் விண்விண்ணென்று தெறித்தது.
ராத்திரி ஊக்கால் கிளறினேன்.
சீழோடு வந்தது
அதே அளவில் ஒரு ஓடு.

சம்பளச் சீட்டில் மடித்து வைத்திருக்கிறேன்.
ஐந்தரைக்கு வேன் வந்துவிடும்.
அந்த விளக்கடியிலேயே வைத்துக்
கேட்கணும்,
இது யாரு டப்பா?