பிச்சைக்கிளி, த/பெ ஜார்ஜ்

வேலந்தாவளம் சோதனைச்சாவடிக்குக்
கேரளப் பக்கம்
ஆறு போர்வெல்லும் புழுதி கக்கின.
ஏழாவதற்குத்
தன் ஊர் வீட்டை விற்றார்
பிக்கர்ஸ்கில்.

யார்க்‌ஷயரில் ஓர் ஈர வீடாம்,
கோடையிலும் சுவர் கசியுமாம்.
சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

பஞ்சாயத்துக் குமாஸ்தா
காதில் விழுந்ததை
வாக்காளர் பட்டியலில் ஏற்றினான்:
பிச்சைக்கிளி.
அவர் திருத்தச் சொல்லவில்லை.
மண்ணெண்ணெய் வரிசையில்
அந்தப் பெயருக்கே கை தூக்கினார்.

அடக்கத்தன்று
பாலக்காட்டுப் பாதிரி
பெயரைச் சரியாக வாசித்தார்.
வேறு யாருக்கோ போல
நின்றுகொண்டிருந்தோம்.

எட்டாம் நாள் குழாயடியில்
குடமும் குடமும் முட்டி
மாராத்தாள் கத்தினாள்:
"பிச்சைக்கிளி தண்ணிடி இது,
உங்கொப்பன் தண்ணியா?"

எனக்கு
அங்கேதான் தொண்டை அடைத்தது.
குடம் நிரம்பி வழிந்ததுகூடத்
தெரியவில்லை.