பூசி மெழுகியது

கதவைத் திறந்தது நான்தான்.
செல்ஃபோஸுக்குக் கிழக்கே, மலையடிவாரப் பெட்ரோல் பங்கில்,
ஒரு கையில் காபி இருந்ததால்
மறு கையால்.
இந்தத் தீவில் நடை பழகும் குழந்தைக்கும் தெரியும்
கார்க் கதவுக்கு இரண்டு கை வேண்டுமென்று.
காற்று அதைப் பிடுங்கி
அட்டையைத் திருப்புவதுபோல்
முன் மட்கார்டின்மேல் மடித்துப் போட்டது.
காபி எந்தத் திசையில் போனதென்று
இன்றுவரை தெரியாது.

இன்சூரன்ஸ்காரி இதமாகத்தான் சொன்னாள்:
"காற்று கணக்கில் வராது, ஹல்பெரா."
பட்டறைக்காரன் எழுதித் தந்த தொகைக்கு
இதே காரை இன்னொரு முறை வாங்கலாம்.

ஆகவே ஜூன் மாதம். பால் ஆலையில் விடுப்பு.
கராஜில் நான், ரப்பர் சுத்தியல்,
அடியில் முட்டுக் கொடுக்க ஓர் இரும்புத் துண்டு.
உள்ளேயிருந்து தட்டுகிறேன், வெளியேயிருந்து தடவுகிறேன்.
கண் சமம் என்று சொல்லிவிடுகிறது
உள்ளங்கை சொல்ல மாட்டேன் என்கிறது.
மூன்று நாள் உள்ளங்கையோடு வாதாடித்
தோற்றேன்.

பிறகு உப்புத்தாள், எண்பதாம் நம்பர்.
புருவமெல்லாம் வெள்ளைத் தூள்.
கதவில் தேய்க்கத் தேய்க்க
வெள்ளைக்குக் கீழே பச்சை.
பச்சையா?
இது வேறொரு காரின் கதவு.
மட்கார்டில் தகரம் வருமென்று பார்த்தால்
வந்தது பட்டி,
விரல் தடிமனில், இளஞ்சிவப்பில்.
விளிம்பின் உள்மடிப்பில், யாரும் தேய்க்காத இடத்தில்,
ஒரு கட்டைவிரல் ரேகை.

"ஒரு கீறல்கூடப் படாத வண்டி" என்று
சாவியை என் கையில் வைத்தவர் ஆஸ்பிரான்டுர்,
மூன்று வீடு தள்ளி.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள் உண்டு;
இவர் ஒரு கதவையே மறைத்திருக்கிறார்.
அவரிடம் கேட்க நான்கு கேள்விகளைத் தீட்டி வைத்தேன்.
ஐந்தாவது, பணம் பற்றியது.

இரவு பதினொன்று. வெயில் இன்னும் கராஜ் சுவரில்.
சொன்னபடியே கம்ப்ரஸரை உருட்டிக்கொண்டு வந்தார்,
சரளைக் கல்லில் அதன் சக்கரம் இரண்டும் புலம்ப.
பச்சையைப் பார்த்தார்.
பார்த்ததை நான் பார்த்தேன்.
கம்ப்ரஸர் நிறையும்வரை பேச்சில்லை.
நிறைந்து, டக்கென்று நின்றது.

"அன்றைக்கும் கிழக்குக் காற்றுதான்" என்றார்.
குனிந்து குழாயை மாட்டினார்.
"என் கையில் ஹாட்டாக் இருந்தது."

தீட்டி வைத்த கேள்விகள்
எங்கே போயினவென்று தெரியவில்லை,
காபி போன வழியாக இருக்கும்.
சிரிப்பு மூக்கு வழியாக வந்து
முகமூடிக்குள் மாட்டிக்கொண்டது.

அவர் விளக்கைப் பிடித்தார், நான் அடித்தேன்.
நான் பட்டியில் மேடு விட்ட இடங்களையெல்லாம்
அவர் உள்ளங்கை போகிற போக்கில் கண்டுபிடித்தது.
"இருநூற்று நாற்பதாம் நம்பர் தாள் இருக்கிறதா?"
இருந்தது.
அந்த ரேகையை நான் தேய்க்கவில்லை.
பிரைமர் அதன்மேல் லேசாக இறங்கியது
மாவுச் சல்லடைபோல.

வெள்ளையிலும் எத்தனை வெள்ளை!
கடையில் எண் பார்த்துக் கலக்கிக் கொடுத்த வெள்ளை
பன்னிரண்டு வருட மணற்புயல் தின்ற வெள்ளைக்குப் பக்கத்தில்
வயசான வாயில் ஒற்றைப் புதுப் பல்.
ஆஸ்பிரான்டுர் தலை சாய்த்துப் பார்த்தார்:
"ஒரு குளிர்காலம் போகட்டும்,
மணல் சமமாக்கிவிடும்."
ஐந்தாவது கேள்விக்கு, பணத்துக்கு, பதில்போல
கம்ப்ரஸரை இங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

கடைசிக் கோட் கிளியர்.
ஈரம் கண்ணாடியாய் நிற்கும் நேரம் பார்த்து
ஒரு கொசு வந்து உட்கார்ந்தது
கதவின் நட்டநடுவில்.
மூச்சைப் பிடித்து, புருவம் பிடுங்கும் இடுக்கியால்
எடுத்தேன்.
முழுசாக வரவில்லை.
ஒரு கால் உள்ளேயே இருக்கிறது.

இந்தக் காரை நான் விற்கும் நாளில்
வாங்க வருகிறவர் வெயிலில் சுற்றிச் சுற்றி வந்து
"அடிபட்டதா?" என்று கேட்பார்.
அதற்குள் நல்ல பதிலாக ஒன்று யோசிக்க வேண்டும்.
இப்போதைக்குத்
தாளைச் சுருட்டுகிறேன், தரையைப் பெருக்குகிறேன்.
மணி இரண்டு. விடியவேண்டிய அவசியமில்லாத வெளிச்சம்.
கதவைத் தொடக்கூடாது,
நாளை மதியம்வரை தொடவே கூடாது.
ஒரு விரலால் மட்டும்
தொட்டுப் பார்க்கிறேன்.