நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம்

வண்டி காலியானதும் கடைசி இருக்கைவரை நடந்து
அங்குள்ள பொத்தானை நான் அழுத்த வேண்டும்.
அழுத்தாவிட்டால் அலறும்.
எந்தப் பிள்ளையும் உறங்கிக் கிடக்கவில்லை என்பதற்கு
நடைக்கு நடை நான்தான் சாட்சி.

அன்று முவைலாவில் உறங்கிக் கிடந்தது ஒரு நாவல்.
உள்ளே நான்காய் மடித்த தாள்:
ஆறாம் வகுப்பு முதல் எட்டு வரை
பரிந்துரைக்கப்படும் நாவல்கள்.
பதினொன்று ஆங்கிலம்.
பன்னிரண்டாவது,
தமிழை இரண்டாம் மொழியாய் எடுத்தவர்களுக்கு மட்டும்.
அதன் நேரே பென்சிலில் யாரோ:
செம போர்.

டிரைவர் குல் ஜமான் சுவரோர நிழலில் படுத்துவிட்டார்.
மதிய நடைக்கு இன்னும் ஐந்து மணி நேரம்.
படிக்கட்டில் உட்கார்ந்து பிரித்தேன்.

ஒரு பையன். அப்பா கப்பலில்.
அவர்தான் கேப்டன் என்று வகுப்பில் சொல்லிவிட்டான்.
அவரோ அந்தக் கப்பலின் சமையல்காரர்.
முப்பதாம் பக்கத்தில் கப்பல் துறைமுகத்துக்கு வருகிறது.
பார்க்கக் கிளம்புகிறது வகுப்பே,
டீச்சரோடு, புளியோதரைப் பொட்டலங்களோடு.

மூடி வைத்தேன்.
தூத்துக்குடியில் என் மகனுக்கும் ஏழாம் வகுப்பு.
ஷார்ஜாவில் உன் அம்மாவுக்கு என்ன வேலை என்றால்
என்ன சொல்வான்?
நான் கேட்டதில்லை. அவன் சொன்னதில்லை.
மணல் ஏறிய அட்டையைத் துடைத்துவிட்டு
மறுபடி திறந்தேன்.

இரண்டு நாள் கழித்துதான் ஜெஸ்வினுக்கு நினைவு வந்தது.
"ஆன்ட்டி, புக் பார்த்தீங்களா? புதன்கிழமை ரிப்போர்ட் எழுதணும்."
"எதுவரைக்கும் படிச்ச?"
"அட்டை வரைக்கும்."
பிறகு குரலைத் தாழ்த்தி,
"கதையை மட்டும் சொல்லிடுங்களேன்."

நேஷனல் பெயின்ட்ஸ் நெரிசலில்
ஒரு பேருந்து நகர எடுக்கும் நேரத்தில்
எத்தனை அத்தியாயம் சொல்லலாம் என்று
எனக்கு அன்றுதான் தெரிந்தது.
சீட் பெல்ட்டைக் கழற்றாமலே
முன்னால் எட்டிக் கேட்டார்கள்.
தமிழ் அரைகுறையாய்ப் புரியும் மர்வா
பக்கத்துப் பெண்ணுக்கு மலையாளத்தில் சொல்ல,
அவள் அதை இந்தியாக்கிப் பின்னால் அனுப்ப,
கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்தபோது
சமையல்காரர் கடற்கொள்ளையர் ஆகியிருந்தார்.

அல் நஹ்தாவில் ஜெஸ்வின் இறங்கும் இடம்.
கதையில் பையன்
கப்பல் ஏணியில் கால் வைத்திருந்தான்.
"அப்புறம்?"
"அப்புறம் நாளைக்கு."
ஒரு படி இறங்கியவன் திரும்பி ஏறினான்.
"அது என் புக், ஆன்ட்டி."
வெடுக்கென்று வாங்கிக்கொண்டான்.
நான் அடையாளத்துக்கு வைத்திருந்த
சாலிக் ரசீது பறந்து போனது.

நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம்.
சமையலறைக் கதவுமேல் பையனின் கை.
உள்ளே வெங்காயம் தாளிக்கும் வாசனை.
படகுத்துறையில் நாற்பது பேர்
கேப்டனுக்குக் கையசைக்க நிற்கிறார்கள்.
அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை கண் வீங்கி ஏறினான்.
"முடிச்சிட்டியா?"
"ம்."
"கதவைத் திறந்தானா?"
"சொல்லமாட்டேன். நீங்களே படிங்க."
பிறகு இரக்கப்பட்டதுபோல்,
"புக் எங்கே ஆன்ட்டி கொடுக்கிறது, லைப்ரரியில போட்டாச்சு.
அஞ்சு திர்ஹம் ஃபைன் வேற, உங்களால."

என் அட்டைக்கு வண்டி நிறுத்தும் கேட் மட்டுமே திறக்கும்.
நூலகம் இரண்டாம் மாடி.
மர்வாவிடம் கேட்டேன்.
"ஒரு வாரத்துக்கு ஒண்ணுதான் தருவாங்க.
இந்த வாரம் நான் டிராகன் எடுத்துட்டேன்."

ஆகவே அடுத்த புதன்வரை
அந்தப் பையன் அங்கேயே நிற்க வேண்டும்,
கதவில் வைத்த கையோடு.
நான் பின்வரிசைக்கு நடக்கிறேன்.
பொத்தானை அழுத்துகிறேன்.
யாரும் இல்லை என்று
வண்டி நம்புகிறது.

இன்று இரவு மகனிடம் பேசும் நாள்.
அவன் என்ன படிக்கிறான் என்று
கேட்கலாம், முதலில்.