பின்பக்கப் பலகை

கொட்டகலைச் சந்தியிலிருந்து மேற்பிரிவு வரைக்கும்
விடிந்து எட்டு மணிக்குள்
ஏழு பாண் ஆட்டோ ஏறுகிறது.
ஏழுக்கும் ஒரே மெட்டு.
நான் எட்டாவது.

முதல் நாள் என் மெட்டைக் கேட்டு
ஆறாம் லயத்தில் ஒரு கதவு திறந்தது,
நஸீர் நானா என்று நினைத்து.
நான் என்று தெரிந்ததும்
"அவர் வரட்டும்" என்று
பக்குவமாகச் சாத்திக்கொண்டது.
கோபமில்லை.
அவரிடம் கடன் கொப்பி இருக்கிறது,
எந்த வீட்டுக்கு எத்தனை பணிஸ் என்ற மனக்கணக்கும்.
என்னிடம் நாற்பத்தியொரு இறாத்தல் பாண்,
கட்டவேண்டிய லீசிங் காசு.

வேறு மெட்டுப் போட்டுப் பார்த்தேன்.
நாய்கள் மட்டும் வந்தன.
சத்தத்தைக் கூட்டினேன்.
இரவுக் காவல் முடித்துப் படுத்த மனுசன்
ஜன்னலால் செருப்பைக் காட்டினார்.
மினுங்கும் பல்பு, பிளாஸ்டிக் ரோசா,
கண்ணாடியில் பெரிய எழுத்தில் பெயர்:
ஏழு பேரிடமும் அதுவும் உண்டு.
ஐந்து ரூபாய் குறைத்தேன்;
மறுநாள் எல்லோரும் பத்துக் குறைத்தார்கள்.

ஒரு வியாழக்கிழமை பேக்கரியில் சூடு கூடி
அடி கருகிய பாணோடு ஏற வேண்டியதாயிற்று.
கதவு கதவாய்ச் சொல்ல வெட்கம்.
மகனுடைய பழைய சிலேட்டைப்
பின்கதவில் கம்பியால் கட்டி எழுதினேன்:
"இன்று அடி கருகல். மேலே நல்லம். பாதி விலை."
பதினொன்று விற்றது.
அதில்லை விசயம்.
அடுத்த நாள் அழிக்க மறந்து வந்தேன்.
இடுப்பில் படங்கு கட்டிக்கொண்டே
பின்னால் ஓடிவந்த ரெஜினாமேரி
"இன்றைக்கும் கருகலா?" என்றாள்.
ஏழு மெட்டுப் போகிற பாதையில்
ஒருத்தி ஒன்றை வாசித்திருக்கிறாள்.

அதன்பிறகு தினம் ஒரு வரி.
தமிழுக்கு எனக்குச் சாதாரண சித்திதான்.
"குழாய்த் தண்ணீர் பத்து மணி வரைக்கும்தான். பிடித்து வைக்கவும்."
"தவறணைப் பக்கம் குளவிக்கூடு. சுற்றிப் போகவும்."
"நேற்று யாருக்கோ மீதி இருபது ரூபாய் குறையக் கொடுத்தேன். ஆள் சொல்லவும்."
நாலு பேர் சொன்னார்கள்.
நாலு பேருக்கும் கொடுத்தேன்.

ஒருநாள் அழகாக எழுத ஆசை வந்தது.
மலை, முகில், பச்சைக் கம்பளம் என்று
கலண்டரில் பார்த்ததைப் போட்டேன்.
யாரும் நிற்கவில்லை.
பிரட்டுக்கு ஓடுகிறவளுக்கு
முகில் என்றால் ஈரம்,
ஈரம் என்றால் தராசில் கழிவு.
எச்சில் தொட்டு அழித்துவிட்டு எழுதினேன்:
"நேற்று மழைக் கொழுந்தில் மூன்று கிலோ கழித்தார்களாம்.
பாண் நனைந்தால் நானும் கழிப்பேன், விலையில்."
அன்றைக்குக் கணக்கப்பிள்ளைகூட நின்று வாசித்தார்.
வாங்கவில்லை.

வாங்காமல் வாசிக்கிறவர்கள் நிறையப் பேர்.
என் பலகையைப் பார்த்துச் சிரித்துவிட்டு
நஸீர் நானாவிடம் பாண் வாங்கும் வீடுகளை
எண்ணினேன். பத்தொன்பது.
வயிறு எரிந்தது.
பெற்றோல் செட்டில் அவரே கேட்டார்:
"தங்கச்சி, நாளைக்கு என்ன எழுதுவ?"
சொல்லவில்லை.
எனக்கே தெரியாது என்பதை.

இப்போது இன்னும் மூன்று ஆட்டோவில் பலகை.
ஒன்றில் ராசிபலன்.
ஒன்றில் பொன்மொழி.
மூன்றாவதில் என் முந்தாநாள் வரி,
ஒரு எழுத்துப் பிழையோடு.
பிழையும் என்னுடையதுதான்.

நேற்று முழுக்க மழை.
மாலையில் பெட்டியைக் கழுவக் குனிந்தபோது
சிலேட்டில் என் எழுத்துக் கரைந்து போயிருந்தது.
ஓரத்தில், மழை படாத இடத்தில்,
கோணலாக, வேறு கை:
"அன்றைக்கு இருபது ரூபாய்
எனக்குக் குறையவில்லை."
பெயர் இல்லை.
கம்பிக்குள் நாலாய் மடித்த ஈரத்தாள் ஒன்று.

தாளை அடுப்பு மேட்டில் காயவைத்தேன்.
வரியை அழிக்கக் கை வரவில்லை.
இன்று காலை அதன் கீழே
சின்னதாக மட்டும் எழுதி ஏறுகிறேன்:
"பாண் உண்டு."